லிச்சி மரத்தைச் சுற்றி ஏழு

வெருலம் சந்தைக்குப் பின்னால் என் பட்டறை.
கேட், கிராதி, கோழிக்கூண்டு,
ஒருமுறை ஒரு பஸ்ஸின் முதுகெலும்பு.
சலாச்சி பூன்சாமி வந்து
ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் வட்டம் போட்டார்.
"நடுவுல லிச்சி மரம். சுத்தி பெஞ்சு.
ஏழு பக்கம். ஆளுக்கு ஒண்ணு, சமமா."

ஆறு என்றால் சொல்லுங்கள், என்றேன்.
ஆறு சமர்த்து.
கவராயத்தின் விரிப்பை மாற்றாமல்
வட்ட விளிம்பில் நடந்தால்
ஆறாவது எட்டில் புறப்பட்ட புள்ளியை மிதிக்கும்.
எட்டும் பரவாயில்லை,
சதுரத்தின் மூலைகளைக் கிள்ளினால் போதும்.
ஐந்துக்குக் கொஞ்சம் வேர்க்கும், வரும்.
பதினேழுகூட வருமாம், பொறுமை இருந்தால்.
ஏழு வராது.
கோலும் கவராயமும் மட்டும் கையிலிருந்தால்
எத்தனை யுகம் குனிந்திருந்தாலும் வராது;
வராது என்றே நிரூபித்து வைத்திருக்கிறார்கள்.

"தவனேசன் பெர்த்ல இருக்கான்," என்றார்.
"பதினோரு வருஷமா போன் இல்ல."
பிறகு முன்பணத்தை எண்ணி வைத்தார்,
ஏழு பக்கத்துக்கும்.

முந்நூற்று அறுபதை ஏழால் வகுத்தேன்.
ஐம்பத்தொன்று, புள்ளி,
நாலு இரண்டு எட்டு ஐந்து ஏழு ஒன்று
நாலு இரண்டு எட்டு ஐந்து ஏழு ஒன்று
ஆறே இலக்கங்கள்
ஒரே வரிசையில், முண்டியடிக்காமல்,
கால்குலேட்டரின் ஓரத்தில் விழுந்து காணாமல் போகும்வரை.

மூலைக்கு மூலை அதில் பாதியைச் சாய்த்து அறுக்க வேண்டும்.
என் ரம்பத்துக்கு அரை டிகிரிக்குக் கீழே கண் தெரியாது.
இருபத்தைந்தரையில் வைத்தேன்.
மயிரிழைதான், என்றேன் பெக்கானியிடம்.
ஒன்று, இரண்டு, மூன்று.
நடுவில் கரண்ட் போயிற்று, இரண்டரை மணி நேரம்.
வந்ததும் நாலு, ஐந்து, ஆறு.
ஏழாவது சட்டத்தின் நுனி முதல் சட்டத்தைத் தொடவில்லை.
மூன்று விரல் இடைவெளி.
ஒவ்வொரு மூலையும் சொன்ன சின்னப் பொய்
அங்கே வந்து கூடி நின்றது.

"கிளாம்ப் போட்டு இழுக்கலாம், சிசி."
இழுக்கலாம். மூடிக்கொள்ளும்.
ஆனால் பக்கம் சமமாயிருந்தால் மட்டும் போதாது, பெக்கானி,
மூலையும் சமமாயிருக்க வேண்டும்;
நம்பாவிட்டால் சாய்சதுரத்தைக் கேட்டுப் பார்.

எல்லா ஒட்டையும் அறுத்தேன்.
தரையில் சாக்பீஸ் வட்டம்,
உள்ளே ஒரு முக்கோணம்,
அதன் ஒரு பக்கத்தில் பாதி.
ஏழுக்கு அதுதான் அளவு என்பார்கள்.
அதுவும் பொய்தான்,
ஆனால் ஆயிரத்துக்கு இரண்டு பங்குப் பொய்.
ஏழு எட்டு நடந்தேன், சுண்டுவிரல் அகலம் தவறியது.
அதை ஏழாகப் பகிர்ந்தால்
மூலைக்கு இரண்டு மில்லி,
வெல்டிங் கம்பி உருகி ஓடி
ராத்திரிக்குள் மறந்துவிடும் அளவு.

முழு வளையத்தை மரத்தின் தலைவழியாகவா போட முடியும்?
நாலும் மூன்றுமாய் வேனில் ஏற்றிப் போய்
அங்கே ஒட்டினோம்.
ஒட்டி முடித்து ஒருமுறை சுற்றி நடந்தேன்.
ஏழு தடவை கொஞ்சம் கொஞ்சமாய்த் திரும்பி
மறுபடி கேட்டைப் பார்த்து நின்றேன்.
மூன்று பக்கமோ நூறு பக்கமோ
கூட்டினால் அந்த ஒரே முழுத் திரும்பல்தான்.

டிசம்பரில் மீதிப் பணம் வாங்கப் போனபோது
லிச்சி சிவந்திருந்தது.
பெஞ்சில் ஆறு பேர்.
இதில் தவனேசனுக்கு எது, என்று கேட்டுவிட்டேன்.
சலாச்சி என்னை ஒருமாதிரி பார்த்தார்.
"எல்லாம் ஒண்ணுதானே. நீதானே அப்படிச் செஞ்சே."
உண்மைதான்.
ஏழில் ஒரு பங்கு திருப்பி வைத்தால்
மரத்துக்குக்கூடத் தெரியாது.

மூத்தவர் தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.
திரும்பி வந்து வேறு பக்கத்தில் உட்கார்ந்தார்.
இப்போது காலிப் பக்கம் சாலையோரம்.
தோல் போடும் கிண்ணத்தை
யாரோ அங்கே தள்ளி வைத்தார்கள்.